பாக்டீரியோஸ்டேட்டிக் நீர்: ஆய்வகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வகத்தின் பொருள் இருப்பைப் பார்த்துக்கொள்பவரிடம் பொருளை வாங்க வருகிறவர்கள், அதைப் பற்றிய சந்தேகத்தையும் கையோடு கொண்டுவருவது வழக்கம். பாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்கப் பென்சைல் ஆல்கஹால் சேர்த்த கிருமியற்ற நீரைப் பற்றி உயிர்வேதியியல் மாணவர்கள் கேட்பதும், மருந்தியல் மாணவர்கள் கேட்பதும், புதிதாகச் சேர்ந்த திட்ட உதவியாளர்கள் கேட்பதும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட வாக்கியங்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன. சிக்கலானவை பிற்பகுதியில் உள்ளன.

பாக்டீரியோஸ்டேட்டிக் வாட்டர் என்பது டிஸ்டில்ட் வாட்டர்தானே?

இல்லை. ஊசிமருந்துக்குரிய தரத்தில் சுத்திகரித்த நீரில் 0.9 சதவீதம் பென்சைல் ஆல்கஹாலைச் சேர்த்து, கிருமிநீக்கம் செய்து, ரப்பர் அடைப்பான் போட்ட குப்பியில் அடைத்து விற்பதே பாக்டீரியோஸ்டேட்டிக் நீர். 0.9 சதவீதம் என்றால் ஒரு மில்லிலிட்டரில் 9 மில்லிகிராம். சில தயாரிப்புகளில் பென்சைல் ஆல்கஹாலுக்குப் பதிலாகப் பாரபென்கள் என்ற வேறு பாதுகாப்புப் பொருட்கள் சேர்க்கப்பட்டிருக்கும்; சிலவற்றில் அளவே மாறும். எடுத்துக்காட்டாக, மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப் மருந்தின் 440 மில்லிகிராம் குப்பியோடு வரும் நீரில் 1.1 சதவீதம் இருக்கிறது. ஆகவே குப்பியைக் கையில் எடுத்ததும் முதலில் செய்ய வேண்டியது லேபிளைப் படிப்பதுதான்.

டிஸ்டில்ட் வாட்டர் காய்ச்சி வடித்த நீர், அவ்வளவே. வடித்த நேரத்தில் அது சுத்தமாக இருந்திருக்கலாம். பிளாஸ்டிக் கேனில் ஊற்றி மேசையடியில் ஒரு வாரம் வைத்த பிறகு அதில் எத்தனை பாக்டீரியா இருக்கிறது என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

நம் லேபில் மில்லி-க்யூ (மீத்தூய நீர் தரும் கருவி) இருக்கிறதே, 18.2 காட்டுகிறது. அதைவிடச் சுத்தமான நீர் எது?

திரையில் தெரியும் 18.2 மெகாஓம்-செ.மீ. என்ற எண், 25 டிகிரி செல்சியஸில் நீரில் அயனிகள் ஏறத்தாழ இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது. உயிருள்ள பாக்டீரியாவையோ எண்டோடாக்சினையோ (பாக்டீரியாவின் வெளிச்சவ்விலிருந்து வரும் நச்சுப்பொருள்) அந்தக் கருவியின் மின்தடை உணரி கண்டுகொள்ளாது. குழாயின் வெளிவாய்ப் பகுதியிலும், இணைத்த ரப்பர்க் குழாயின் உட்சுவரிலும் படலம்போல் பாக்டீரியா வளர்ந்திருந்தாலும் திரை 18.2 என்றே காட்டும். பஃபர் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) தயாரிக்கவும் எச்பிஎல்சி (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) ஓட்டவும் அந்த நீர் மிக நல்லது. கிருமியற்ற வேலைக்கு அதை ஆட்டோக்ளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) செய்தோ 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்தோதான் பயன்படுத்த வேண்டும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஆட்டோக்ளேவ் செய்த பாட்டிலைத் திறந்த அந்தக் கணத்திலேயே அதன் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. ஒரே குப்பியிலிருந்து பல நாட்கள், பல தடவை எடுக்க வேண்டிய வேலைக்காகவே பென்சைல் ஆல்கஹால் சேர்க்கப்படுகிறது. ஒருமுறை எடுத்துவிட்டு மீதியைக் கொட்டப்போகிறவருக்கு இந்த நீரால் எந்த ஆதாயமும் இல்லை. கலப்பில்லாத கிருமியற்ற நீரே போதும். தேவையில்லாத இடங்களில் இது பழக்கத்தால் எடுக்கப்படுவதையே நான் அதிகம் பார்க்கிறேன்.

பென்சைல் ஆல்கஹால் கிருமியைக் கொன்றுவிடுமா, வெறுமனே தடுத்து வைக்குமா?

இந்தச் செறிவில் அதன் முதன்மை வேலை தடுத்து வைப்பது. காலம் செல்லச் செல்லப் பல பாக்டீரியாக்கள் குறையவும் செய்யும். அது பாக்டீரியாவின் சவ்வுக்குள் புகுந்து சவ்வைத் தளர்த்துகிறது. கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சை ஆகியவற்றின் மீது மிதமாகவும், கிராம்-நெகட்டிவ் பாக்டீரியா மீது அதைவிடக் குறைவாகவும் செயல்படும். பாக்டீரியாவின் தடித்த உறையுள்ள வித்துகளை (ஸ்போர்) ஒன்றும் செய்யாது. வைரஸ்களிடமிருந்தும் பாதுகாப்புத் தராது. மருத்துவமனைகளில் மாசுபட்ட பலமுறைக் குப்பிகள் வழியாக ஹெபடைடிஸ் பி, சி பரவிய நிகழ்வுகள் உண்டு. கரைசலின் பிஎச் 5-க்குக் கீழே இருக்கும்போது இதன் வீரியம் அதிகம்; 8-ஐத் தாண்டினால் ஏறத்தாழ இல்லை.

எவ்வளவு வேகமாகக் குறைக்கும் என்பதை அமெரிக்க மருந்தியல் நூலான யுஎஸ்பி-யின் 51ஆம் அத்தியாயச் சோதனையைப் பார்த்தால் விளங்கும். ஈ. கோலை, சூடோமோனாஸ் ஏருஜினோசா, ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், கேண்டிடா அல்பிகான்ஸ், ஆஸ்பர்ஜில்லஸ் பிரேசிலியென்சிஸ் ஆகிய ஐந்தையும் தனித்தனியாக, ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை வேண்டுமென்றே கலக்கிறார்கள். ஊசிமருந்து வகைக்குப் பாக்டீரியா 7 நாளில் பத்தில் ஒரு பங்காகவும், 14 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகவும் குறைந்திருக்க வேண்டும். அதன்பின் 28ஆம் நாள் வரை மீண்டும் கூடக் கூடாது. ஈஸ்ட்டும் பூஞ்சையும் கூடாமல் இருந்தால் போதும்.

இந்த எண்களைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஒரு லட்சம் பாக்டீரியா விழுந்த குப்பியில் ஒரு வாரம் கழித்துப் பத்தாயிரம் உயிரோடு இருந்தாலும் அந்த நீர் சோதனையில் தேறிவிடும். அழுக்கான ஊசியால் காலையில் குத்திய குப்பி மாலைக்குள் தானாகவே சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமே இல்லை.

28 நாள் என்று ஏன் சொல்கிறார்கள்? 29ஆம் நாள் என்ன ஆகிவிடப் போகிறது?

29ஆம் நாள் காலையில் குறிப்பிட்டு எதுவும் நிகழ்வதில்லை. மேலே சொன்ன சோதனை 28 நாட்களுக்குத்தான் நடத்தப்படுகிறது. அதற்கு அப்பால் பாதுகாப்புப் பொருள் வேலை செய்யும் என்பதற்கு அந்தச் சோதனையில் சான்று இல்லை. அதனால் உற்பத்தியாளர் வேறு காலம் குறிப்பிடாதவரை, முதல் முறை ஊசி குத்திய நாளிலிருந்து 28 நாளுக்குள் பலமுறைக் குப்பியை அகற்றிவிட வேண்டும் என்று யுஎஸ்பி-யும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சொல்கின்றன.

கணக்கு தொடங்குவது முதல் குத்திலிருந்துதான். குப்பியில் அச்சிட்ட காலாவதித் தேதி, திறக்காத குப்பிக்கு மட்டுமே பொருந்தும். நீல மூடியைக் கழற்றிய கையோடு, அழியாத மார்க்கரால் தேதியைக் குப்பியின் உடலில் எழுதுங்கள். அட்டைப்பெட்டியில் எழுதினால் பெட்டி ஓரிடத்திலும் குப்பி ஓரிடத்திலுமாகப் போய்ச் சேரும். தேதி இல்லாத திறந்த குப்பியைக் கண்டால், யாருடையது என்று விசாரித்துக்கொண்டிருக்காமல் எறிந்துவிடுவதே என் வழக்கம்.

வயல் (vial, குப்பி) பளிங்கு மாதிரித் தெளிவாகத்தான் இருக்கிறது. அப்புறம் ஏன் தூக்கிப் போட வேண்டும்?

கண்ணுக்குக் கலங்கலாகத் தெரிய வேண்டுமானால் ஒரு மில்லிலிட்டரில் சுமார் ஒரு கோடி பாக்டீரியாவாவது சேர வேண்டும். அதற்கு வெகு முன்பே உங்கள் செல் கல்ச்சர் (ஆய்வகத்தில் வளர்க்கும் உயிர்ச் செல்கள்) பாழாகிவிடும். கலங்கல் தெரிந்தால் எறிய வேண்டும் என்பது சரி. தெளிவாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்பது சரியல்ல.

ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் நாள் தாங்குமா?

திறக்காத குப்பியை 20 முதல் 25 டிகிரி வரையிலான அறை வெப்பநிலையில் வைக்கவே லேபிள் சொல்லும். திறந்த குப்பியைக் குளிரில் வைப்பதால் 28 நாள் 40 நாளாக நீளாது. குளிரில் பாக்டீரியாவின் வளர்ச்சி மட்டுப்படுவதைப் போலவே பென்சைல் ஆல்கஹாலின் வேகமும் மட்டுப்படுகிறது. ஆனால் பெப்டைடையோ (சிறு புரதத் துண்டு) புரதத்தையோ கரைத்த பிறகு, குளிரில் வைக்க வேண்டுமா என்பதை அந்தப் பொருளே தீர்மானிக்கும். பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரிதான். சென்னையின் மே மாதத்தில் குளிர்சாதனம் அணைந்த கிடங்கு 'அறை வெப்பநிலை' ஆகாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பாக்டீரியோஸ்டேட்டிக் சலைனும் 0.9, வாட்டரும் 0.9. இரண்டும் ஒன்றுதானே?

இரண்டு 0.9-களும் வேறு வேறு பொருட்களைக் குறிக்கின்றன; இந்தக் குழப்பத்தால் வீணான சோதனைகள் நிறைய. சலைனில் 0.9 சதவீதம் என்பது சோடியம் குளோரைடு. பாக்டீரியோஸ்டேட்டிக் சலைன் என்றால் அந்த உப்போடு பென்சைல் ஆல்கஹாலும் இருக்கும். பாக்டீரியோஸ்டேட்டிக் நீரில் உப்பே கிடையாது.

பென்சைல் ஆல்கஹாலின் மூலக்கூறு எடை 108.14. 9 கிராமை அதால் வகுத்தால் லிட்டருக்கு 83 மில்லிமோல் வரும். தாளில் பார்த்தால் சவ்வூடு அழுத்தம் கொஞ்சம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் பென்சைல் ஆல்கஹால் செல் சவ்வைத் தாராளமாகக் கடந்து உள்ளே போய்விடுவதால் செல்லுக்கு அது வெறும் நீர்தான். இரத்தச் சிவப்பணுக்களை இந்த நீரில் போட்டால் அவை வெடித்துக் கரைந்துவிடும். செல்களைக் கழுவவோ இரத்த மாதிரியை நீர்க்கச் செய்யவோ இதை எடுக்கக் கூடாது.

வயலில் இருந்து எடுக்கும் முறையில் அப்படி என்ன இருக்கிறது? குத்தி இழுக்க வேண்டியதுதானே?

பிளாஸ்டிக் மூடி கழன்றதும் தெரியும் ரப்பர்ப் பரப்பு கிருமியற்றது அல்ல. மூடி தூசி படாமல் காக்கிறது, அவ்வளவுதான். 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் அழுத்தித் துடைத்து, அது தானாக உலரும்வரை காத்திருக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே குத்தினால் கிருமியும் ஆல்கஹாலும் சேர்ந்து ஊசியோடு உள்ளே போகும். ஊதி உலர்த்துகிறவர்களும் உண்டு. வாயிலிருந்து வரும் காற்றைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை.

மூடிய குப்பியிலிருந்து 1 மில்லிலிட்டர் எடுப்பதற்கு முன் 1 மில்லிலிட்டர் காற்றை உள்ளே செலுத்தினால்தான் உள்ளழுத்தம் குறையாமல் நீர் இலகுவாக வரும். அந்தக் காற்று லேமினார் ஹூடுக்குள் (வடிகட்டிய காற்று ஓடும் வேலைப்பெட்டி) இழுத்த காற்றாக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் புதிய ஊசி, புதிய சிரிஞ்சு. தடித்த ஊசியைச் செங்குத்தாக ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் குத்தினால் நுனி ரப்பரைத் துணுக்காக வெட்டி உள்ளே தள்ளிவிடும். குப்பியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சாம்பல் நிறத் துணுக்கு மிதப்பது தெரியும். அதைத் தவிர்க்க ஊசியின் சாய்முகம் மேலே இருக்கும்படி சற்றுச் சரித்துக் குத்தத் தொடங்கி, உள்ளே இறங்கும்போது நேராக்க வேண்டும். ஊசியை ரப்பரிலேயே குத்தி வைத்துவிட்டு அடுத்தடுத்து எடுப்பது வெளிக்காற்றுக்குத் திறந்த வழியை விட்டுவைப்பதாகும்.

சிரிஞ்சு, குழாய் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பென்சைல் ஆல்கஹால் பாலிஸ்டைரீனிலிருந்து சில பொருட்களைக் கரைத்தெடுக்கும். எடுத்த நீரைப் பாலிஸ்டைரீன் குழாயில் சேமித்து வைக்காதீர்கள். பாலிபுரோப்பிலீனோ கண்ணாடியோ போதும்.

எந்தெந்தப் பொருளை இதில் கரைக்கலாம்?

உறைநிலையில் உலர்த்திய தூளாக வரும், நீரில் கரையும், பல நாட்களில் சிறிது சிறிதாக எடுக்க வேண்டிய பொருட்களுக்கு இது பொருந்தும். மருத்துவத்தில் எச்சிஜி ஹார்மோனும், மேலே குறிப்பிட்ட டிராஸ்டுசுமாப்பும் இதற்குத் தெரிந்த எடுத்துக்காட்டுகள். பாதுகாப்புப் பொருள் உள்ள நீரில் கரைத்த டிராஸ்டுசுமாப்பை 2 முதல் 8 டிகிரியில் 28 நாள் வைக்கலாம். பென்சைல் ஆல்கஹால் ஒவ்வாமை உள்ளவருக்குச் சாதாரணக் கிருமியற்ற நீரில் கரைத்தால் ஒருமுறை எடுத்துவிட்டு மீதியை எறிந்துவிட வேண்டும். இந்த நீர் எதற்காக இருக்கிறது என்பதை இந்த ஒரு மருந்தின் இரண்டு விதிகளே காட்டிவிடுகின்றன.

நீரில் கரையாத பெப்டைடுக்கு இது உதவாது. பஃபரும் கிடையாது, லேபிளில் பிஎச் 4.5 முதல் 7.0 வரை என்றிருந்தாலும், கரைத்த பிறகு பிஎச்சைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பெப்டைடோடு வந்த உப்புதான். டிரைஃப்ளூரோஅசெட்டேட் உப்பாக வரும் பெப்டைடு கரைசலை அமிலப் பக்கம் இழுத்துவிடும். பாலிசார்பேட் போன்ற அயனியற்ற பரப்பியங்கி (சோப்பு போலச் செயல்படும் பொருள்) சேர்ந்த கலவைகளில் பென்சைல் ஆல்கஹாலின் வீரியம் குறையும் என்பதால், அங்கே 28 நாள் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம்.

புரதத்தைக் கரைத்து மூன்று நாளில் வெள்ளை நூல் நூலாகத் தெரிகிறது. கன்டாமினேஷனா?

கிருமியாக இருக்கலாம், ஆனால் இந்த நீரில் கரைத்த புரதத்தில் நான் முதலில் சந்தேகிப்பது திரளலைத்தான். பென்சைல் ஆல்கஹால் சில புரதங்களின் பாதி விரிந்த வடிவங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றை நிலைப்படுத்துகிறது. அப்படி விரிந்து வெளியே தெரியும் நீர்விலக்கிப் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. இன்டர்லூக்கின்-1 ஏற்பித் தடுப்பி, ஜி-சிஎஸ்எஃப் போன்ற மறுசேர்க்கைப் புரதங்களில் இது ஆய்வுகளில் விரிவாகக் காட்டப்பட்டிருக்கிறது. வெப்பமும் குலுக்கலும் நிலைமையை மோசமாக்கும்.

பிரித்தறிவதற்கு எளிய வழி, அதே பேட்ச் புரதத்தை ஒரு குழாயில் பாக்டீரியோஸ்டேட்டிக் நீரிலும் மற்றொன்றில் சாதாரணக் கிருமியற்ற நீரிலும் ஒரே நேரத்தில், ஒரே செறிவில் கரைத்து, ஒரே அடுக்கில் வைத்துப் பார்ப்பது. முதல் குழாயில் மட்டும் நூல் தெரிந்தால் பாதுகாப்புப் பொருளே காரணம். இரண்டிலும் தெரிந்தால் பிஎச், செறிவு, குலுக்கிக் கரைத்த விதம் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு துளியைக் கிருமி வளர்க்கும் அகார் தட்டில் தீட்டி வைத்தால் கிருமியா என்ற ஐயமும் பெருமளவு தீரும். புதிதாக வாங்கிய, விலை உயர்ந்த புரதத்தை முதல் முறையே முழுவதுமாக இந்த நீரில் கரைக்காதீர்கள்.

செல் கல்ச்சருக்குப் போடலாமா? ரொம்பக் கொஞ்சம்தானே போகிறது?

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று கணக்கிட்டால் விடை கிடைத்துவிடும். கரைத்த இருப்புக் கரைசலில் பென்சைல் ஆல்கஹால் 83 மில்லிமோலார். அதை ஊடகத்தில் ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்தால் 83 மைக்ரோமோலார். பெரும்பாலான சோதனைகளில் இதனால் தொல்லை வராது. பத்து மடங்கு மட்டுமே நீர்க்கச் செய்தால் 8 மில்லிமோலாருக்கு மேல் போகிறது. செல் சவ்வின் நெகிழ்வைக் கூட்டுவதற்காகவே சவ்வு ஆய்வாளர்கள் பென்சைல் ஆல்கஹாலை மில்லிமோலார் அளவுகளில் வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள், வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைத் தூண்டுவதற்கும் கூட. அந்த வீச்சுக்கு அருகில் வந்துவிட்டால் நீங்கள் அளப்பது பெப்டைடின் விளைவா, நீரின் விளைவா என்று சொல்ல முடியாது.

எந்த நீர்ப்பு என்றாலும், பெப்டைடு இல்லாத அதே நீரை அதே அளவில் சேர்த்த சில குழிகள் (வெல்) செல் வளர்ப்புத் தட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். வெறும் ஊடகத்தை மட்டும் வைத்துவிட்டு அதை வெஹிக்கிள் கன்ட்ரோல் (கரைக்கும் நீரின் விளைவைத் தனியே காட்டும் ஒப்பீடு) என்று அழைப்பது போதாது.

நானோடிராப்பில் (ஒளியுறிஞ்சலை அளக்கும் கருவி) 260-இல் மலைபோல் ஏறுகிறது. என் சாம்பிளில் அவ்வளவு டிஎன்ஏவா?

இல்லை, அது பென்சைல் ஆல்கஹாலின் பென்சீன் வளையம். 257 நானோமீட்டரை ஒட்டிய பகுதியில் அது ஒளியை உறிஞ்சுகிறது, 0.9 சதவீதம் என்ற செறிவில் டிஎன்ஏ-யின் அளவையே மூழ்கடித்துவிடும். வளைவை உற்றுப் பார்த்தால் டிஎன்ஏ-க்குரிய மழுங்கலான ஒரே மேடு தெரியாது. 250-க்கும் 270-க்கும் இடையில் சிறு சிறு பற்களாக ஏறி இறங்குவது தெரியும். அதே நீரை வெற்று அளவீடாக வைத்துக் கழிக்கலாம் என்பது பெயரளவில் சரியே. ஆனால் ஒரு பெரிய எண்ணிலிருந்து இன்னொரு பெரிய எண்ணைக் கழித்து மிஞ்சும் சிறு எண்ணில் பிழையே மேலோங்கும்.

புரதத்தை 280-இல் அளப்பவர்களுக்குத் தொல்லை குறைவு என்றாலும் முற்றிலும் இல்லையென்று சொல்ல முடியாது. 595 நானோமீட்டரில் படிக்கும் பிராட்ஃபோர்டு முறைக்கு மாறலாம். தரநிலைக் கரைசல்களையும் இதே நீரில் தயாரியுங்கள். யூவி உணரி உள்ள எச்பிஎல்சி-யில் இது தனியொரு பெரிய சிகரமாக வரும். அதை உங்கள் பெப்டைடின் அசுத்தம் என்று எண்ணி விற்பனையாளரிடம் சண்டைக்குப் போவதற்கு முன், வெறும் நீரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பிசிஆருக்கும் ஆர்என்ஏ வேலைக்கும் இதையே எடுக்கலாமா?

வேண்டாம். கிருமியற்றது என்பதும் நியூக்ளியேஸ் (டிஎன்ஏ, ஆர்என்ஏ-யை வெட்டும் நொதி) அற்றது என்பதும் வேறு வேறு சான்றிதழ்கள். இந்த நீர் இரண்டாவதற்காகச் சோதிக்கப்படுவதில்லை. நியூக்ளியேஸ் நீக்கிய நீரைச் சிறு குழாய்களில் பிரித்து வைத்துக்கொள்வதே வழி.

ஆட்டோக்ளேவ் செய்தால் எண்டோடாக்சினும் போய்விடும்தானே?

போகாது. எண்டோடாக்சின் என்பது கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்விலுள்ள லிப்போபாலிசாக்கரைடு. 121 டிகிரியில் 15 நிமிடம் பாக்டீரியாவைக் கொல்லும். அதன் சிதைவுப் பொருள் அப்படியே மிஞ்சும். 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியும் அதை நிறுத்தாது. கண்ணாடிப் பொருட்களிலிருந்து அதை நீக்க 250 டிகிரி உலர் வெப்பத்தில் 30 நிமிடம் வைக்கிறார்கள். நீரை அப்படிச் சூடாக்க முடியாது என்பதால், தொடக்கத்திலேயே எண்டோடாக்சின் குறைந்த நீரை எடுத்தாக வேண்டும். ஊசிமருந்து தர நீருக்கு வரம்பு மில்லிலிட்டருக்கு 0.25 எண்டோடாக்சின் அலகு. குதிரைலாட நண்டின் இரத்த அணுச் சாற்றைக் கொண்டு செய்யும் எல்ஏஎல் சோதனை இதை அளக்கிறது.

மேக்ரோஃபேஜ், டென்ட்ரிட்டிக் செல் போன்ற நோயெதிர்ப்புச் செல்களோடு வேலை செய்பவர்களுக்கு இது நேரடி விஷயம். அவர்களின் செல்கள் மிகக் குறைந்த எண்டோடாக்சினுக்கும் சைட்டோகைன் (நோயெதிர்ப்புச் சமிக்ஞைப் புரதம்) சுரக்கும். கிருமி ஒன்றுகூட இல்லாத நீரிலிருந்தே அந்தத் தூண்டல் வரக்கூடும்.

பென்சைல் ஆல்கஹாலுக்குப் பதில் 0.02 சதவீதம் சோடியம் அசைடு போட்டால் என்ன? ஆன்டிபாடியில் அப்படித்தானே வருகிறது?

ஆன்டிபாடி பாட்டிலுக்கு அது நல்ல தேர்வு. அந்த ஆன்டிபாடி உயிருள்ள செல்லைத் தொடாதவரை. அசைடு மைட்டோகாண்ட்ரியாவின் சைட்டோகுரோம் ஆக்சிடேஸைத் தடுக்கிறது. செல்லுக்கும் விலங்குக்கும் நஞ்சு. ஹார்ஸ்ராடிஷ் பெராக்சிடேஸையும் தடுப்பதால், ஆன்டிபாடியைக் கொண்டு புரதத்தைக் கண்டறியும் எலைசாவிலும் வெஸ்டர்ன் பிளாட்டிலும் அந்த நொதி இணைந்த ஆன்டிபாடியை அசைடு கரைசலில் வைக்கக் கூடாது. மிஞ்சியதைச் செம்பு, ஈயக் குழாயுள்ள தொட்டியில் ஊற்றினால் வெடிக்கக்கூடிய உலோக அசைடுகள் படியும். ஒரு பாதுகாப்புப் பொருளின் தொல்லைக்குப் பயந்து இன்னொன்றுக்கு ஓடுவதற்கு முன், உங்களுக்குப் பாதுகாப்புப் பொருளே தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிருமியற்ற நீரில் கரைத்து, ஒருமுறைக்குரிய அளவுகளாகப் பிரித்து உறைய வைப்பது பல இடங்களில் இரண்டையும்விட நல்லது.

நாமே தயாரித்துக்கொள்ளலாமா? பென்சைல் ஆல்கஹால் பாட்டில் அலமாரியில் இருக்கிறது.

சோதனைக்குழாய் வேலைக்குத் தயாரிக்கலாம். விலங்குக்குப் போகும் நீரை நீங்களே தயாரிக்க நான் உடன்பட மாட்டேன். சதவீதக் கணக்கு இங்கே கன அளவுக்கு இத்தனை எடை என்பதே: லிட்டருக்கு 9 கிராம். அதன் அடர்த்தி 1.045 என்பதால் 9 கிராம் என்பது 8.6 மில்லிலிட்டர். பிப்பெட்டில் 9 மில்லிலிட்டர் எடுத்து ஊற்றினால் 9.4 கிராம் போய்விடும். நீரைவிடக் கனமான அது, ஊற்றியதும் பீக்கரின் அடியில் எண்ணெய்த் துளியாக உருண்டு கிடக்கும். நூறு மில்லிலிட்டரில் சுமார் 4 கிராம் வரை கரையக்கூடியதே. ஆனாலும் கடைசித் துளியும் மறையும்வரை கலக்கிவிட்டுத்தான் வடிகட்ட வேண்டும்.

அலமாரியில் உள்ள பாட்டிலை முதலில் திறந்து, கையால் காற்றை விசிறி முகர்ந்து பாருங்கள். பென்சைல் ஆல்கஹாலுக்கு மெல்லிய வாசனையே உண்டு. பாதாம் எசன்ஸ் மணம் தூக்கலாக வந்தால், காற்றுபட்டு அது பென்சால்டிஹைடாக மாறத் தொடங்கியிருக்கிறது; அந்தப் பாட்டில் வேண்டாம். ஆட்டோக்ளேவ் செய்வதானால் மூடி இறுக்கி முத்திரையிட்ட, அழுத்தம் தாங்கும் குப்பிகளில் செய்ய வேண்டும். மூடியைத் தளர்த்தி வைத்தால் நீராவியோடு பென்சைல் ஆல்கஹாலும் கொஞ்சம் வெளியேறும். இத்தனையும் செய்த பிறகும் உங்களிடம் கிருமியின்மைச் சோதனையோ எண்டோடாக்சின் சோதனையோ இருக்காது. விலைக்கு வாங்கும்போது அந்தச் சோதனைகளுக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

எலிக்கு ஊசி போட இந்த நீரில் கரைக்கலாமா?

வளர்ந்த எலிக்குத் தோலடியில் சிறு அளவு என்றால் பொதுவாக முடியும். நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவுக்குத் தரும் விண்ணப்பத்தில் எந்த நீர், எவ்வளவு பென்சைல் ஆல்கஹால், எத்தனை நாள் என்பதை எழுதியாக வேண்டும். மருந்து தர நீர்தான் வேண்டும். நரம்புகளுக்கு நஞ்சாகும் என்பதால் தண்டுவட உறைக்குள் செலுத்தும் சோதனைகளில் பாதுகாப்புப் பொருள் உள்ள நீர் கூடவே கூடாது. உப்பில்லாத நீர் என்பதால் சிரைவழி அதிக அளவில் செலுத்தினால், சலைன் பற்றிய கேள்வியில் சொன்ன சிவப்பணுச் சிதைவு உடலுக்குள்ளேயே நிகழும்.

பிறந்த குட்டிகளில் பயன்படுத்தாதீர்கள். உடலில் பென்சைல் ஆல்கஹால் பென்சாயிக் அமிலமாகி, பிறகு கிளைசினோடு இணைந்து ஹிப்பூரிக் அமிலமாகச் சிறுநீரில் வெளியேறுகிறது. இந்த இணைப்பு முதிராத உடலில் பென்சாயிக் அமிலம் தேங்கி இரத்தம் அமிலமாகும். 1982இல் அமெரிக்காவில் இது மனிதக் குழந்தைகளிடமே தெரியவந்தது: குறைமாதத்தில் பிறந்த சிசுக்களின் இரத்தக்குழாய்க்குள் செருகிய மெல்லிய குழாய்களை இத்தகைய பாதுகாப்புப் பொருள் சேர்ந்த திரவங்களால் அலசியதில், மூச்சுத் திணறி, இரத்தம் அமிலமாகி, இரண்டு மருத்துவ மையங்களில் 16 சிசுக்கள் இறந்தன. ஒவ்வொரு அலசலிலும் போனது சிறு அளவுதான். ஆனால் மிகக் குறைந்த எடையுள்ள உடலுக்கு நாளொன்றுக்குப் பல முறை போனது. அதன் பிறகே பச்சிளங்குழந்தைகளுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை வந்தது. பூனைகளும் பென்சாயிக் அமிலத்தைக் கையாளுவதில் பலவீனமானவை. கால்நடை ஆராய்ச்சியில் இருப்பவர்கள் இதைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆன்லைனில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று போட்டு விற்கிறார்களே, அது மருந்துக்கடை நீர் மாதிரியேதானே? சிலர் பெப்டைடு கரைத்துத் தாங்களே போட்டுக்கொள்கிறார்களாம்.

அந்த வாசகம், இது மருந்தாகத் தயாரிக்கப்படவில்லை, மருந்தாகச் சோதிக்கப்படவில்லை என்பதை அறிவிக்கிறது. குப்பியும் மூடியும் ஒரே மாதிரி இருக்கலாம். உள்ளே உள்ள நீருக்குக் கிருமியின்மை, எண்டோடாக்சின், பென்சைல் ஆல்கஹால் அளவு ஆகிய மூன்றுக்கும் பேட்ச் வாரியான சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். பொதுவான ஒரு தாளை மட்டும் அனுப்பினால் ஆய்வகத்துக்கே வாங்க வேண்டாம்.

தங்களுக்கே போட்டுக்கொள்வது பற்றி: கூடாது. 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்ற போர்வையில் மனிதப் பயன்பாட்டுக்குப் பெப்டைடு விற்ற நிறுவனங்களுக்கு அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியிருக்கிறது. நீர் நல்லதாகவே இருந்தாலும், அதில் கரைக்கும் தூள் என்ன என்பது போட்டுக்கொள்பவருக்குத் தெரியாது. ஆய்வகக் குப்பியை அந்த நோக்கத்துக்குக் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பதில்லை. காரணம் சொல்லிக்கொண்டிருப்பதும் இல்லை.

கட்டுரையின் வழிமுறைப் பகுதியில் 'கிருமியற்ற நீரில் கரைக்கப்பட்டது' என்று எழுதினால் போதாதா?

போதாது. மேலே உள்ள பதில்களைப் பார்த்தால், கரைத்த நீர் திரளலையும் ஒளியுறிஞ்சலையும் செல்லின் நடத்தையையும் மாற்றக்கூடியது என்பது தெரியும். அதை மறைத்து எழுதினால் அடுத்த ஆய்வகம் உங்கள் முடிவை மீண்டும் எட்ட முடியாமல் திண்டாடும், ஒருவேளை அவர்கள் சாதாரண நீரில் கரைத்ததாலேயே.

பாதுகாப்புப் பொருளின் பெயரும் சதவீதமும், உற்பத்தியாளர், பேட்ச் எண், கரைத்த செறிவு, கரைத்த பிறகு எந்த வெப்பநிலையில் எத்தனை நாள் வைக்கப்பட்டது, ஊடகத்திலோ விலங்கிலோ சென்றடைந்த பென்சைல் ஆல்கஹாலின் இறுதி அளவு ஆகியவற்றை எழுதுங்கள். கன்ட்ரோல் குழுவுக்கும் அதே பேட்ச் நீர் அதே அளவில் கொடுக்கப்பட்டதா என்பதையும் சேருங்கள். கொடுக்கப்படவில்லை என்றால் அதையும் அப்படியே எழுத வேண்டும்.